கைடு உயரம்

குழலியோட லேப்டாப்பை மூணு வருஷமா தலையில சுமந்தது அவளோட பழைய ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி கைடுதான். ஊரே லேப்டாப் ஸ்டாண்டு வாங்குதுன்னு அவளும் ஒண்ணு வாங்கினா. கைடு பழைய பேப்பர் மூட்டைக்குப் போச்சு.

"நான் இஷ்டத்துக்கு ஏறுவேன், எறங்குவேன். உன்னால முடியுமா பெருசு?"ன்னு ஸ்டாண்டு பீத்துச்சு.

"எனக்கு அவ கழுத்தைத் தெரியும்டா, மடக்குக்கத்தி!"ன்னு கைடு சீறுச்சு.

எப்படி ஏத்தி எறக்கியும் குழலிக்குக் கழுத்து வலிச்சுது. கடைசியில மூட்டையிலருந்து கைடை உருவி, பக்கத்துல வச்சு, ஸ்டாண்டை அதே உயரத்துல நிறுத்தினா. அப்படியே கைடைப் புரட்டினா. ஓரத்துல அவளோட பதினேழு வயசு கையெழுத்து: "இந்தச் சனியனை எவன் கண்டுபிடிச்சான்?"

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. மூட்டையை எடுக்க வந்த பழைய பேப்பர்காரர் வாசல்ல மணியடிச்சும் எந்திரிக்கல.

"அப்படி என்ன சிரிப்பு?"ன்னு ஸ்டாண்டு முணுமுணுத்துச்சு.

"உன் மேல ஏதாவது எழுதியிருக்காளாடா?"ன்னு கேட்டுச்சு கைடு.