பார்க்க வந்தவர்களுக்குக் கலர்

“சோடா, கலர் பக்கமே போகக் கூடாது. தண்ணி, நீர்மோர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா,” என்று டாக்டர் சொன்னபோது, “நான் பாத்துக்குறேன் சார்,” என்று முந்திக்கொண்டவன் தமிழரசு. இப்போது அவனேதான் பெரிய கலர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறான். உடம்பு இளைக்க இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து வந்திருக்கும் அவன் மனைவி ஹேமாவதியைப் பார்க்க, வெள்ளானூரிலிருந்து அவன் தம்பி குடும்பம் வந்திருக்கிறது. பார்க்க வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்பக் கூடாது. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். புஸ்ஸென்ற சத்தத்துக்கு அவள் தொண்டை தானாக விழுங்குகிறது. ஜன்னல் வெயில் கண்ணாடி டம்ளர்களுக்குள் புகுந்து கறுப்பைச் செம்பழுப்பாக்க, குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலேறுகின்றன. அவள் கையிலிருக்கும் மோர் வெதுவெதுத்துப் போயிருக்கிறது. “இன்னா அண்ணி, பாதி ஆளா ஆயிட்டீங்க! ஒரு வாய் குடிச்சா திரும்ப ஊதிடுவீங்களா இன்னா?” என்று கொழுந்தன் சிரிக்க, தமிழரசும் சேர்ந்து சிரிக்கிறான். யாரோ பாதி குடித்து வைத்த டம்ளர் அவள் முழங்காலருகே வியர்த்து நிற்கிறது. அவள் விரல்கள் அதைத் தொடுகின்றன, தூக்கியும்விடுகின்றன. நுரை உதட்டைக் கடிக்கிறது. சட்டென்று டம்ளரைத் தமிழரசிடம் நீட்டுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறாள்: “என்னால முடியலங்க. யார் வந்தாலும் சரி, இத நம்ம ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க.”