தேய்ஞ்ச தட்டு

என் கொழுந்தன் தன் அண்ணனுக்குன்னு எடுத்து நீட்டின தட்டைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

உடம்பெல்லாம் கீறல். விளிம்பு தேய்ஞ்சு, நாய் கடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. மேல ஒரு நம்பர் இருக்கணும், அதுவும் இல்ல. ஆனா அவர் பையில மட்டும் பளபளன்னு ரெண்டு புதுத் தட்டு.

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. இந்த மாட்டுக்குப் பல்லே இல்லையே, எதைப் பிடிச்சுப் பாக்கிறது?

ஞாயித்துக்கிழமையானா அண்ணனும் தம்பியும் பூங்காவுல டிஸ்க் கோல்ஃப் ஆடுவாங்க. பந்தும் மட்டையும் கிடையாது. தட்டை வீசி, தூரத்துல சங்கிலி தொங்குற கூடையில போடணும். ரொம்ப தூரம் வீசறதுக்குன்னு இருக்கிற தட்டுக்குப் பேரு டிரைவர். மேல போட்டிருக்கிற நம்பர் பெருசா இருந்தா, வீசற கைக்கு வேகமும் அதிகமா வேணுமாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் தச்சர். எட்டு மாசம் முன்னால ஒரு பீரோவைத் தனியாத் தூக்கப் போயி, தோள் தசை கிழிஞ்சு, ஆபரேஷன் வரைக்கும் போச்சு. இனி வேலை செய்யலாம்னு டாக்டர் சொல்லியே ரெண்டு மாசம் ஆகுது. மனுஷன் பட்டறைப் பக்கமும் எட்டிப் பாக்கல, பூங்காப் பக்கமும் எட்டிப் பாக்கல. சோபாவே கதின்னு கிடந்தாரு.

போன வாரம் திடீர்னு ஒரு முடிவு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு வீசிப் பாப்பாராம். தாண்டலேன்னா இந்தக் கையை நம்பிப் பிரயோஜனம் இல்லையாம், பட்டறையைக் காலி பண்ணிடலாமாம்.

இருபது வருஷமா அவர் உயிரைக் குடுத்து நடத்துற பட்டறை.

அப்படிப்பட்ட நாள்லதான் தம்பிக்காரர் இந்தக் குப்பையை நீட்டுறாரு.

"அந்தப் பதிமூணாம் நம்பர் இப்ப வேணாம்ணே. அதுக்குக் கையில முரட்டு வேகம் வேணும். இதை வீசிப் பாரு."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம். அவர் என்னிக்கும் பலத்தை நம்பி ஆடினவரு. பெரிய நம்பர்தான் கௌரவம்னு நினைப்பாரு, மத்த நுணுக்கம் எதுவும் தெரியாது. தன் பழைய பதிமூணையே எடுத்து வீசினாரு. கொஞ்ச தூரம் போச்சு, இடப்பக்கம் சாஞ்சுது, தண்ணியில விழுந்துச்சு. இன்னொண்ணு வீசினாரு. அதுவும் தண்ணிக்குத்தான் போச்சு.

அவர் முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. கொழுந்தனை ஓரங்கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஏன் தம்பி, உங்க புதுசுல ஒண்ணைக் குடுத்தா தேய்ஞ்சா போயிடுவீங்க? உங்களைப் படிக்க வச்சவரு அவரு. இந்த ஒரு நாளாவது மனசு வரக் கூடாதா?"

"புதுசு அண்ணனுக்குச் சரிப்படாது அண்ணி"ன்னு சிரிச்சுக்கிட்டே நகந்துட்டாரு. கல்லு மனசுன்னு வாய்க்குள்ளயே திட்டினேன்.

கடைசியில, வேற வழியில்லாம, அந்தத் தேய்ஞ்சதைத்தான் எடுத்தாரு. வீசினாரு. லேசா வலப்பக்கம் சாஞ்சுது. போச்சுடா சாமின்னு நினைச்சேன். ஆனா தானே நிமிந்து, நிதானமா மிதந்து போயி, அக்கரைப் புல்லுல இறங்குச்சு.

என் வீட்டுக்காரர் தம்பி முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சாரு.

"பாத்தியாடா, உன் குப்பையையே தாண்ட வச்சுட்டேன். நல்ல தட்டா இருந்தா கூடைக்கே போயிருக்கும். நாளைக்குப் பட்டறையைத் திறக்கணும்."

ரெண்டு பேரும் தட்டை எடுக்கக் குளத்தைச் சுத்திப் போனாங்க. பெஞ்சுல என் பக்கத்துல ஓரகத்தி, அதான் கொழுந்தன் பொண்டாட்டி, உக்காந்திருந்தா. அடுத்த வாரமாவது உருப்படியா ஒரு தட்டைக் குடுக்கச் சொல்லுடின்னு சொன்னேன்.

அவ ஒரு தடவை அந்தப் பக்கம் பாத்துட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"அது பழசு இல்லக்கா. அண்ணனுக்குன்னே போன மாசம் எங்க வீட்டுக்காரர் வாங்கின புதுசு, ஒன்பதாம் நம்பர். புதுத் தட்டு வேகம் இல்லாத கைக்கு முரண்டு பிடிக்குமாம். நல்லா அடிபட்டுத் தேய்ஞ்சாத்தான் மெதுவா வீசினாலும் மிதக்குமாம். தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பின்பக்கச் சுவத்துல வீசி வீசி அடிச்சாரு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வாங்காத பேச்சு இல்ல. சின்ன நம்பரைப் பாத்தா அண்ணன் மனசு நொந்துடும்னு, அதை உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துட்டாரு."

அந்த நல்ல மனுஷனையா கல்லு மனசுன்னு சொன்னேன்? ஓடிப்போயி அவர் கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. எழுந்துட்டேன்.

ஓரகத்தி என்னை இழுத்து உக்கார வச்சா.

"நன்றி கின்னின்னு ஏதும் சொல்லிடாதீங்கக்கா. தன் கை பலத்துலதான் தாண்டிச்சுன்னு அண்ணன் நம்பணுமாம். நீங்க எப்பவும் போல இவரைத் திட்டினாப் போதுமாம்."

அண்ணனும் தம்பியும் சிரிச்சுப் பேசிக்கிட்டே திரும்பி வந்தாங்க. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். கஞ்சன், கருமி, கூடப் பொறந்தவனுக்கு ஒரு நல்ல தட்டு குடுக்க வக்கில்லையான்னு, பூங்காவுக்கே கேக்கிற மாதிரி கொழுந்தனைப் பிடிபிடின்னு பிடிச்சேன்.

என் ஆயுசுல நான் யாரையும் அவ்வளவு நன்றியோட திட்டினதே இல்ல.