ஊஞ்சல் கவிதை

முதியோர் இல்லத்தில் படுக்கும்போதெல்லாம் தன் கைகளைக் கட்டிலோடு கட்டிவிடுவதைக் கவிதையாக எழுதி மகள் இனியாவுக்கு அனுப்பியிருந்தாள் சுகந்தி. படித்ததும் அவள் ஓடிவந்து கூட்டிப்போவாள் என்று நம்பினாள். பதில் வந்தது.

"அம்மா, உன் ஊஞ்சல் கவிதை அருமை! அண்ணனுக்கும் அனுப்பினேன். ஊஞ்சல் என்பது உன் நிம்மதிதான் என்று எழுதியிருக்கிறான்."

"ஊஞ்சலா? நான் எங்கடி ஊஞ்சலைப் பத்தி எழுதினேன்?" சுகந்தி பதறினாள்.

மாத்திரை கொண்டுவந்த பணிப்பெண் சிரித்தாள். "சோகமா எழுதினா, இங்க கடிதம் அனுப்புற மிஷின் சந்தோஷமா மாத்தி எழுதித்தான் அனுப்பும், ஆன்ட்டி. பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுல்ல?"

சுகந்தி மீதிக் கடிதத்தைப் படித்தாள்.

"நீ அங்கே இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது வீட்டுக்கு அழைத்துவந்து கஷ்டப்படுத்துவானேன்? கடைசிவரை அங்கேயே இருக்க ஏற்பாடு செய்துவிட்டோம். நிறைய எழுது, அம்மா."