டென்ஷன் மட்டும் கூடாது

"மெதுவா பேசுடா! அப்பா டாய்லெட்லதான் இருக்காரு, காதுல விழுந்துடப் போகுது."

கண்மணி அதட்டியதும் வருண் குரலைத் தாழ்த்தினான். "நேத்து போன இன்டர்வியூவும் ஊத்திக்கிச்சும்மா."

தஞ்சோங் பகார் அலுவலகத்தில் அவனை ஆட்குறைப்பு செய்து இரண்டு மாதமாகிறது. விஷயம் அப்பா தனசேகரனுக்குத் தெரியாது. அவருக்கு ஐபிஎஸ் என்னும் குடல் கோளாறு. மனம் கலங்கினால் போதும், குடல் முறுக்கிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். "மருந்தைவிட முக்கியம், டென்ஷன் மட்டும் கூடாது" என்று டாக்டர் யும்னா சொன்னதைக் கண்மணி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மகன் என்றால் அவருக்கு உயிர். வேலை போனது தெரிந்தால் மனுஷன் தாங்குவாரா?

தனசேகரன் வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, வெயிலப் பத்தி."

"ஏன் வருண், இன்னிக்கும் ஆபீஸ் போகலயா?"

"லீவு லா, அப்பா. உங்ககூட கொஞ்ச நாள் இருக்கலாம்னுதான்."

அவர் மகனையே பார்த்தார். அடுத்த நிமிடம் மறுபடியும் டாய்லெட்டுக்கு விரைந்தார்.

கண்மணிக்கு அழுகையே வந்துவிட்டது. எதில் குறை வைத்தாள்? சமையலில் காரத்தை நிறுத்தியாயிற்று. முப்பது வருடமாக அவரைக் கரித்துக்கொட்டிய வாய், இப்போது எதற்கும் "சரிங்க" என்றது. அப்பாவிடம் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கும் வருண்கூடப் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டான். கேலாங் சிவன் கோயிலில் மகன் வேலைக்காக அர்ச்சனை செய்துவிட்டு வந்தவள், "யாருக்கு?" என்று அவர் கேட்டபோது, "சும்மாதாங்க" என்று மழுப்பினாள். அப்படியும் அவர் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனது.

மறுநாள் ஜாலான் புசார் கிளினிக்கில் டாக்டர் யும்னா புருவத்தைச் சுருக்கினாள்.

"ஸ்கோப், பிளட் டெஸ்ட் எல்லாமே கிளியரா இருக்கு அங்கிள். பயப்படவே வேணாம். ஆனா வயிறு முன்னவிட மோசமாயிருக்கே? மனசுல ஏதோ இருக்கு."

கண்மணி முந்திக்கொண்டாள். "கவலைங்கிற பேச்சே நாங்க வீட்ல எடுக்கிறதில்ல டாக்டர்!"

தனசேகரன் அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் மறைக்காதீங்க டாக்டர். சொல்றதுக்கு இவங்களுக்கு வாய் வரல, பாவம். இவ என்னைத் திட்டி ரெண்டு மாசமாச்சு. பையன் வேலைக்கே போகாம என் பக்கத்துலயே உக்காந்திருக்கான். எனக்கு இன்னும் எத்தனை நாள்னு நீங்களாவது சொல்லிடுங்க."