சிவந்த உள்ளங்கால்

கலைப்பிரியா கைக்குழந்தையின் துணியை விலக்கிக் காலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்காலில் நகம் பதிந்து சிவந்திருந்தது.

"பாருங்க மேடம். அஞ்சு வயசுக் கழுதை பண்ற வேலையா இது? கொறை மாசத்துல பொறந்த புள்ள, தூங்கவே விட மாட்டேங்கிறா."

புனிதா குனிந்து பார்த்தாள். அடங்காத பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று வீடுகளுக்கே வந்து ஆலோசனை சொல்வது அவள் வேலை. திண்டிவனத்தில் அவளைத் தெரியாத தாய்மார் குறைவு.

"அவன் அழுதுக்கினு இருந்தா கிட்டயே வர மாட்டா மேடம். கண்ண மூடினாப் போதும், ஜல்தியா வந்து குந்திக்குவா. நேத்து மூக்காண்ட கைய வெச்சுப் பொத்தப் பாத்தா!"

கதவோரம் நின்ற மகள் ரோஜாவைப் புனிதா அருகில் அழைத்தாள்.

"தம்பிய உனக்குப் பிடிக்காதா கண்ணு?"

"பிடிக்கும்."

"அப்ப ஏன் கிள்ற?"

"தம்பி தூங்கக் கூடாது."

ரோஜாவின் பார்வை குழந்தையின் வயிற்றிலேயே இருந்தது.

"பொறாமைதாங்க. அடிக்காதீங்க, திட்டாதீங்க" என்றாள் புனிதா. "பாசமா பாத்துக்கிற சொந்தக்காரங்க வீட்டுல கொஞ்ச நாள் விட்டு வைங்க. தானா மாறிடுவா."

கண்டாச்சிபுரத்திலிருந்து அத்தை அம்சா வந்தாள். பேருந்து நிலையத்தில் ரோஜா அப்பா தேவநாதனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நான் போயிட்டா தம்பிய யாருப்பா கிள்ளுவா?"

"போறப்பகூட இவளுக்கு அதே நெனப்பு பாரேன்!" என்று அம்சா சிரித்தாள். தேவநாதனும் சிரித்துக்கொண்டே மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

வீடு அமைதியானது. குழந்தை நன்றாகத் தூங்கியது. பிரசவத்துக்குப் பிறகு கலைப்பிரியாவும் அப்போதுதான் அசந்து தூங்கினாள். புனிதாவுக்குப் போன் போட்டு நன்றி சொன்னாள்.

அந்த வாரமே ஒரு நாள், விடிந்த பிறகும் குழந்தை எழுந்திருக்கவில்லை.

விழுப்புரம் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினார்.

"கொறை மாசக் கொழந்தைங்க சிலதுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும்மா. உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டினா, பெரும்பாலும் திரும்ப மூச்சு விட ஆரம்பிச்சிடும். பொறந்தப்ப வார்டுல நர்ஸுங்க அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

அந்த வார்டின் கண்ணாடிக்கு வெளியே ரோஜாவைத் தோளில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றவன் தேவநாதன்தான்.

"வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார் டாக்டர்.

கலைப்பிரியா குழந்தையின் உள்ளங்காலை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்.

"கவனிச்சவள கண்டாச்சிபுரத்துக்கு அனுப்பிட்டோம் சார்."