பெரட்டில் ராக்காயி

“ராக்காயி!”

கணக்கெழுதும் கிராணி ஞானசேகரம் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் காளியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

லகாட் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. இன்னும் சரியாக விடியவில்லை. பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தோட்டத்துத் துரை குதிரைமேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்ட பேருக்குக் குரல் வந்தால்தான் அன்றைய வேலை, அன்றைய சம்பளம்.

“வந்திருக்குங்கய்யா. பின்னால நிக்குது” என்றாள் காளியம்மா.

கிராணி லாந்தரைச் சற்றே உயர்த்தினார். பெண்கள் வரிசை ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டது. அத்தனை பேரும் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஒரு வாரமாகவே இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை பெற்ற கையோடு ராக்காயிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அவளுடைய மரங்களை மற்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு பால் வெட்டினார்கள். பாலை ராக்காயியின் வாளியிலேயே ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் தொடங்கிவைத்தவள் காளியம்மா. எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவள்தான் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய் நிற்பாள். ‘இன்னிக்கு அவளுக்கு, நாளைக்கு நமக்கு’ என்பாள். யாரும் மறுத்ததில்லை.

ராக்காயியின் புருஷன் போன மழைக்காலத்தில் மரம் விழுந்து செத்தவன். அவள் பேர் பெரட்டில் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த வீடும் இல்லை. ரப்பர் விலை ஏறியிருந்த நேரம். பினாங்கில் கப்பல் இறங்கிய புது ஆட்கள் தங்க இடமில்லாமல் ஸ்டோர்க் கொட்டகையில் படுத்துக் கிடந்தார்கள்.

வீடு போனால் பிள்ளைகளும் போய்விடும். இதே லயத்துப் பழனியப்பனும் அவன் பெண்சாதியும் செத்தபோது அவர்கள் பிள்ளைகளை அப்படித்தான் வண்டியில் ஏற்றினார்கள். அநாதை விடுதி என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு அந்தப் பிள்ளைகளைக் கண்ணால் கண்டவர் இல்லை.

ராக்காயியின் தங்கை முத்தம்மா தைப்பிங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளைக் கூட்டிவர லயத்து ஆள் ஐயாவு நேற்றே போயிருந்தான். அவள் வந்து பிள்ளைகளைக் கையில் வாங்கிக்கொள்ளும்வரை ராக்காயி பெரட்டில் நின்றாக வேண்டும்.

பேர் கூப்பிட்டு முடிந்தது. துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு பங்களாவை நோக்கிப் போனார். பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

“காளியம்மா, நில்லு.”

அவள் நின்றாள். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. ஒரு வாரப் பொய்யும் இப்போது உடையப்போகிறது என்று நினைத்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், லாந்தர் திரியை இறக்கியபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

“லயத்திலை ஒரு அடுப்பும் புகையேல்லை. துரைக்கு அது விளங்காது. மண்டோருக்கு விளங்கும். கத்தியை மறந்துபோட்டன் எண்டு சொல்லிப்போட்டு ஓடு.”

காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவு விழுந்த லயத்தில் பிணம் எடுக்கும்வரை யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள்.

கோழி கூவும் நேரத்தில் ராக்காயி போய்விட்டாள். கண்ணை மூடிவிட்டதும், தாடையைத் துணியால் கட்டியதும் காளியம்மாதான். ஒருத்தியும் அழக் கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எல்லாரும் அடங்கினார்கள். அழுகையை அடக்கத் தெரிந்தவளுக்கு அடுப்பு நினைவுக்கு வரவில்லை.

ஓடினாள்.

பெரட்டு முடிந்தால், வேலைக்கு வராமல் படுத்துக் கிடப்பவர்களைப் பிடிக்க, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் லயத்தைச் சுற்றி வருவான். அவன் வருவதற்குள் ஒவ்வொரு வீடாகப் புகுந்து சுள்ளியைத் திணித்துப் பற்றவைத்தாள். கூரைகளின் மேல் புகை எழுந்தது.

கடைசி வீடு மட்டும் மிஞ்சியது. எல்லாக் கூரையும் புகைந்து அது ஒன்று புகையாமல் நின்றால், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ராக்காயி பாயில் நீட்டிக் கிடந்தாள். அவள் கால்மாட்டில்தான் அடுப்பு. காளியம்மா அவளைத் தாண்டிப் போய்க் குந்தினாள்.

“என்னைய மன்னிச்சிரு தாயி” என்று முணுமுணுத்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். இரண்டு குச்சிகள் அணைந்தன. மூன்றாவது பற்றியது. ஈர விறகு, வீடு முழுக்கப் புகை மண்டியது. கண்ணில் நீர் வந்தது. புகையால்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டு வாசலில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள், ராக்காயியின் மூத்த மகள். அவளையும் கைப்பிள்ளையையும் முந்தின சாயங்காலமே மாரியம்மா தன் வீட்டில் படுக்க வைத்திருந்தாள். பெண்ணுக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“பெரியம்மா, எங்கூட்டு அடுப்பு புகையுது. அம்மாவுக்குக் காச்சல் விட்டுருச்சா? எந்திரிச்சிருச்சா?”

லயத்துப் பாதையில் தடியைத் தட்டிக்கொண்டு மண்டோர் வந்துகொண்டிருந்தான்.

காளியம்மா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவன் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னாள்.

“எந்திரிச்சிருச்சு கண்ணு. வேலைக்குப் போயிருச்சு.”