சிவப்பு அட்டை

"அழறவங்க முகத்தைப் பார்க்காதே. கடிகாரத்தை மட்டும் பாரு" என்றாள் வெர்னிட்டா, கொரீனைக் கூட்ட அறை வாசலிலேயே நிறுத்தி. "நேத்து அந்தப் பாஸ்டரை நேரம் தாண்டிப் பேச விட்டியே, அதுக்கு நான் எவ்வளவு டோஸ் வாங்கினேன் தெரியுமா?"

"அவர் செத்துப்போன மனைவியைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார், மிஸ் வெர்னிட்டா. நடுவுல எப்படி நிறுத்தறது?"

"இங்க குழு முன்னால பேச வர்ற எல்லாருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும், கண்ணு. அவர் கறுப்பர், நீயும் கறுப்பு, நானும் கறுப்பு. 'உங்க பொண்ணு உங்க ஆளுங்களுக்குச் சலுகை காட்டுது'ன்னு குழுத் தலைவர் என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார்."

அந்த அமெரிக்க மாநிலச் சட்டமன்றத்தின் சுகாதாரக் குழுவுக்கு வெர்னிட்டாதான் நிர்வாகி. வெள்ளை முகங்களே நடமாடும் அந்தக் கட்டிடத்தில் நம் பிள்ளைகளும் வந்து வேலை பழகட்டும் என்று, யார் யார் காலையோ பிடித்து இந்தப் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தவள். கறுப்பினக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், மெக்சிகோக்காரர்களின் பிள்ளைகள் வந்தார்கள். இந்த வருஷம் கொரீன் டாலிவர்.

தலைவருக்கு இந்தத் திட்டம் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இழுத்து மூட ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா, அடுத்த வருஷம் உன்னை மாதிரி ஒரு பிள்ளை இந்தப் படி ஏற முடியாது. ரெண்டு நிமிஷம் முடிஞ்சுதா, சிவப்பு அட்டையைத் தூக்கு. யாரா இருந்தாலும் சரி."

கொரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே தலைவர் சுத்தியலைத் தட்டிவிட, வெர்னிட்டா அவளை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினாள்.

அன்றைக்கு விவாதம், வட பகுதி நோயாளிகளுக்கு மாநிலச் செலவில் ஓடிக்கொண்டிருந்த வேனை மறுபடியும் விடுவதா வேண்டாமா என்பது. முதலில் பேசிய ஆஸ்பத்திரி அதிகாரிக்குச் சரியாக நேரம் முடிந்ததும் சிவப்பு அட்டை உயர்ந்தது. அடுத்து வந்த கறுப்பினக் கிழவிக்கும் அப்படியே. தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அடுத்து, ஐலி ரா... ராட்டி..." பின்லாந்துக்காரப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அறையில் சிரிப்பு எழுந்தது.

"ராட்டிகைனன்" என்றாள் கொரீன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பரவாயில்லை, பெயர்களை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று வெர்னிட்டாவுக்குப் பெருமையாக இருந்தது.

பனிக்காலத்து பூட்சும் வெளிறிய மஞ்சள் முடியுமாக, சுரங்க ஊர்ப் பக்கத்து நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வெர்னிட்டா நிம்மதியாக மூச்சு விட்டாள். இவள் விஷயத்தில் சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"எங்க ஊர்ல டயாலிசிஸ் கிடையாதுங்க. மூணு மணி நேரம் போகணும். என் பையனை வேன்தான் கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டுது. குளிர் ஆரம்பிச்சதும், பணம் இல்லைன்னு வேனை நிறுத்திட்டாங்க."

சொல்ல வந்தது மறந்துபோய்க் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் அட்டை உயர்ந்தது. காகிதத்தை மடியில் போட்டுவிட்டுத் தானாகவே பேசத் தொடங்கினாள்.

"ஒரு நாள் பனி கொட்டுது. அவனைப் பின்சீட்ல படுக்க வெச்சு நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். பாதி வழியில ரோட்டை மூடிட்டாங்க. சத்தமே இல்லையேன்னு திரும்பிப் பார்த்தேன். அவன்..."

சிவப்பு அட்டை உயர்ந்தது. கொரீன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் அட்டையைக் கண்டாலும் வாக்கியத்தையாவது முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இவள் அப்படியே நிறுத்திவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். முடிக்க விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வெர்னிட்டாவுக்கு நாக்கு துடித்தது. உத்தரவு போட்டவளே அவள்தான், எந்த வாயால் சொல்வாள்?

"அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர்.

"அவங்க சொல்லலையே. சொல்லாததை நாம கணக்குல எடுத்துக்க முடியாது" என்றார் தலைவர். ஓட்டெடுப்பு நடந்தது. ஒரே ஒரு ஓட்டில் வேன் தோற்றது.

வெளியே வரும்போது தலைவர் கொரீனின் தோளில் தட்டினார். "பொண்ணு தேறிட்டா. அடுத்த வருஷமும் இதே மாதிரி பிள்ளைங்களாப் பார்த்துக் கூட்டிட்டு வாங்க, வெர்னிட்டா."

திட்டம் பிழைத்தது. அவர் போனதும் வெர்னிட்டா கொரீனைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அந்தப் பையனுக்கு என்னதான் ஆச்சோ, பாவம். அதை மட்டும் அவங்க சொல்லியிருந்தா அந்த ஒரு ஓட்டு மாறியிருக்கும்."

கொரீன் அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உறைக்குள் வைத்தாள்.

"டாலிவர் எங்கப்பா பேரு, ராட்டிகைனன் எங்கம்மா பேரு. அம்மா திரும்பிப் பார்த்தப்போ என் தம்பி உயிரோட இல்ல, மிஸ் வெர்னிட்டா."